கொடிக்கயிற்றுக்கு அப்பால்

மதியச் சாப்பாடு முடிந்ததும் பெனடிக்ற் அருட்பிரகாசத்தைப் பின்வளவுக்கு இழுத்துப் போனான். பெண் பார்க்க வந்த அருட்பிரகாசத்தைப் பற்றித் தேநீர் நேரத்தில் முடிவு சொல்வதாகப் பெனடிக்ற்றின் அக்கா பெர்னடெற் வீட்டில் சொல்லியிருந்தாள். அவள் அடுப்படிக்குப் பக்கத்தில், குசினி யன்னலில் நிற்பது தெரிந்தது.

"உங்களை அத்தான் எண்டுறதோ, அண்ணையோட விடுறதோ எண்டு இண்டைக்குத் தெரிஞ்சிடும்," என்றான் பெனடிக்ற்.

அந்த எண்பத்தேழாம் ஆண்டு, கடல் கடந்து அவர்கள் குடியேறிய நோர்பரியில் பொடியன்களுக்கு அமெரிக்கன் புட்போல் பைத்தியம். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியது. பக்கத்துக்கு இருவர்; எதிரே பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இரண்டு பேர். பெனடிக்ற் எறிவான், அருட்பிரகாசம் பிடித்துக்கொண்டு ஓடி, உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைக்க வேண்டும். அதற்குள் எதிராளி இரண்டு கையாலும் தொட்டால் முடிந்தது.

முட்டை வடிவப் பந்து. முதல் தரம் நெஞ்சில் பட்டு விழுந்தது. அடுத்த தரம் விரலை மடக்கியது. மூன்றாம் தரம் அவனே விழுந்தான். இஸ்திரி போட்ட காற்சட்டை முழுக்கச் சேறு. யன்னலைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"கடைசித் தரம் அண்ணை. பிடிச்சா ஓடுங்கோ. வேற ஒண்டும் யோசியாதேங்கோ."

எப்படியோ பிடித்துவிட்டான். ஊரில், இளவாலையில் கிளித்தட்டு விளையாடிய கால்கள் தாமாகவே ஓடின. கோட்டுக்குக் கோடு மறிப்பவர்களிடம் அகப்படாமல் நழுவிப் பழகிய கால்கள். முதலாமவனுக்கு இடப்பக்கம் காட்டி வலப்பக்கத்தால் கழன்றான். மற்றவனின் கைக்குக் கீழால் குனிந்து போனான். கயிற்றைத் தாண்டினான்.

தாண்டியவன் பந்தோடு திரும்பி, வீட்டைப் பார்த்து ஓடி வந்தான்.

"ஐயோ, கீழ வையுங்கோ! வையுங்கோ!" பெனடிக்ற் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குள் நான்கு கைகள் அருட்பிரகாசத்தை அமுக்கிவிட்டன.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே பெர்னடெற் வெளியே வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ஏன் திரும்பி ஓடி வந்தனீங்கள்?"

"கிளித்தட்டில அப்பிடித்தான். அங்கால போனா மட்டும் காணாது. தொடங்கின இடத்துக்குத் திரும்பி வந்தாத்தான் வெற்றி."

சண்டை நடக்கும் ஊருக்கு அவனால் திரும்ப ஏலாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"பிள்ளை, தேத்தண்ணி ஆறுது! என்ன முடிவு?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டாள்.

"பொறுங்கோ அம்மா." பெர்னடெற் அவன் கையிலிருந்த பந்தை வாங்கினாள். "பெனடிக்ற், நீ மற்றப் பக்கம் போ. இவரோட நான்."

"அப்ப அத்தானோ?"

அவள் அருட்பிரகாசத்தின் தோளைப் பிடித்துக் கொடிக்கயிற்றுப் பக்கம் திருப்பினாள்.

"அங்கால ஓடுங்கோ. இந்தமுறை திரும்பி வராதேங்கோ."

அவன் ஓடினான். அவள் எறிந்த பந்து வந்துகொண்டிருந்தது. பிடிப்பானா என்று அவனுக்கே தெரியவில்லை; இரண்டு கைகளையும் நீட்டினான்.