முந்நூற்று அறுபது கட்டங்கள்

மூன்று தளக் கட்டடத்தின் உச்சியிலிருந்து சறுக்கிய பெயிண்டர் தரைக்கு வந்து சேர ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆயின. அதே வருடம்தான் தெருமுனைத் தபால்பெட்டியை இரண்டடி தள்ளி நட்டார்கள். அதைப் பற்றித்தான் தெருவில் அதிகம் பேசினார்கள்.

சறுக்க வைத்தவள் எதிர்வீட்டுப் பெண். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளின் ஓரம் தேய்ப்பாள், வாரம் இரண்டு மாலை படக்கதை வகுப்புக்குப் போவாள். முதல் பக்கத்திலேயே வாசகரைப் பிடித்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் காலை ஆறு மணிக்கு மேசையில் உட்கார்ந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே சாரத்தின் மேல் ஒருவர் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அவரையே முதல் கட்டத்தில் வரைந்து, கால் சறுக்குவதாகப் போட்டாள். படத்தில் விழுகிறவன் எப்படித் தரையிறங்குவான் என்று யோசிக்காமலே மையிலும் போட்டுவிட்டாள். மை காய்ந்த நேரத்தில் எதிரே பெயிண்டரின் கால் சறுக்கியது. கையில் பிரஷ்ஷோடு, வாய் திறந்தபடி, முப்பதடி உயரத்தில் அவர் அப்படியே நின்றார். மறுநாள் அவள் இரண்டாவது கட்டம் வரைந்தபோது ஓர் அங்குலம் இறங்கினார். மூன்றாம் நாள் அவள் வரையவில்லை, அவரும் இறங்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, வலை விரித்து, மாலைவரை காத்திருந்து, 'யாரும் விழவில்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போனது.

கணக்கு எளிது. முப்பது அடி, முந்நூற்று அறுபது அங்குலம், முந்நூற்று அறுபது கட்டம். தினம் ஒன்று போட்டால் ஒரே வருடம். ஆனால் முதல் நான்கு மாதத்தில் அவள் முப்பத்தொரு கட்டம் போட்டாள். வரையாத நாட்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருந்தாள், அதில் காரணம் எழுத ஒரு பத்தி. 'பென்சில் சீவினேன்.' 'நல்ல பென்சில் எது என்று விசாரித்தேன்.' 'எந்த நாளில் எந்தக் கட்டம் என்ற அட்டவணைக்கு நான்கு வண்ணம் தீட்டினேன்' என்பது ஒன்பது நாள் தொடர்ந்து இருந்தது. "ஆறு மணிக்கு எழுந்து பென்சில் சீவுறதுக்கு, எட்டு மணிவரைக்கும் தூங்கலாம்ல, பென்சிலாவது மிஞ்சும்" என்றாள் அம்மா. பெயிண்டர் மேலிருந்து மரியாதையாகத்தான் கேட்பார். "பாப்பா, இன்னிக்கு உண்டா?" "யோசனையில இருக்கேண்ணே." "நல்லா யோசிங்க, நான் எங்க போகப் போறேன்."

மேல் தளத்து வீட்டார் ஜன்னல் வழியே கரண்டியில் சோறு நீட்டினார்கள். மற்ற விஷயங்களை அவர் எப்படிச் சமாளித்தார் என்று யாரும் கேட்கவில்லை, நாகரிகமான தெரு.

நான்காம் மாதக் கடைசியில் பெயிண்டரின் மனைவி எதிர்வீட்டுக்குப் படியேறி வந்தாள். தையல்காரி, கழுத்தில் அளவு நாடா. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். "அழகா போட்டிருக்கம்மா. இதுல என் வீட்டுக்காரர் எங்க இருக்கார்?"

பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலைவரை ஒரே மூச்சில் பதினோரு கட்டம் போட்டாள். ஒன்பதாவதில் இடது செருப்பு வரைய விட்டுப்போனது. அது தெருவில் விழ, நாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது. பதினொன்றாவதில் வலது காது விட்டுப்போனது. "என்னது? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க!" என்று பெயிண்டர் மேலிருந்து கத்தினார். மறுநாள் நாற்பது நிமிடம் எடுத்து, ஒரே ஒரு கட்டம் வரைந்தாள். காது திரும்பி வந்தது. செருப்பு வரவில்லை.

அதன்பின் தையல்காரி தினமும் காலை ஆறு மணிக்குச் சாரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அது போதுமானதாக இருந்தது. பெண்ணுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று வகுப்பில் பாராட்டினார்கள். வந்தது வெட்கம்தான் என்பது அவளுக்குத் தெரியும். தினம் ஆறிலிருந்து ஆறு நாற்பதுவரை ஒரு கட்டம், பிறகு கடை. பெயிண்டர் இரண்டு மாதம் மேல் தளத்து ஜன்னலுக்கு நேரே இருந்தார், அவர்கள் பார்த்த சீரியலை அவரும் பார்த்தார். கதை சூடுபிடித்த வாரம் ஜன்னலுக்குக் கீழே இறங்கிவிட்டார். அதற்காக மட்டும்தான் அவர் ஒருமுறை அவளிடம் கோபப்பட்டார். பதிவேட்டில் காய்ச்சல் ஒரு வாரமும் அக்காவின் பிரசவம் மூன்று நாளும் தவிர வேறு காரணம் ஏறவில்லை.

கடைசி அங்குலத்தில் அவள் நின்றுபோனாள். விழுகிறவன் விழுந்துதான் ஆக வேண்டும், 'தொம்' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சத்தத்தைப் போட்டால் முப்பதடி வேகமும் அவர்மேல் மொத்தமாக இறங்கிவிடுமோ என்று பயம். நான்கு நாள் பென்சில் சீவினாள். ஐந்தாம் நாள் தையல்காரி மேலே வந்தாள்.

"பயமா இருக்குக்கா."

"உரல்ல தலையக் கொடுத்தது அவரு. உலக்கைக்கு நீ ஏம்மா பயப்படுற? போடு."

அவள் வெறுங்காலை வரைந்தாள். முதலில் விரல்கள், பிறகு குதிகால். எழுத்து எதுவும் போடவில்லை. கீழே பெயிண்டர் படியிறங்குகிறவரைப் போலக் காலை ஊன்றி, "வாளி எங்க?" என்று கேட்டார்.

கதை முடிந்தது. பதிவேட்டில் பதினோரு நாள் தொடர்ந்து 'கதை முடிந்தது' என்று எழுதினாள். பன்னிரண்டாம் நாள் மதியம் பெயிண்டர் கடைக்கே வந்தார். ஒற்றைச் செருப்போடு நின்று, கண்ணாடிச் சட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டடத்தின் ஓர மூலையில், மேல் ஐந்தடிக்கு மட்டும் சாரம் எட்டவில்லை என்றார்.

"ஒரு ரெண்டு மாசம், தினம் ஒரு கட்டம் போட்டீங்கன்னா அந்தரத்துலயே நின்னு முடிச்சிடுவேன். இறங்க இறங்க அடிச்சிட்டே வந்துடலாம்."

"நான் போடாம விட்டுட்டா?"

"வீட்ல அவகிட்ட கேட்டுட்டேன். ஸ்டூல எடுத்துட்டு வரேன்னு சொன்னா. செருப்ப மட்டும் இந்தத் தடவ மறந்துடாதீங்க."

மறுநாள் ஆறு மணிக்கு அவள் பேனா மூடியைத் திறந்தாள். பெயிண்டர் வாளியோடு சாரத்தின் ஓரத்துக்கு வந்து, ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, புதுச் செருப்பணிந்த காலைக் காற்றில் எடுத்து வைத்தார்.