சாட்சி பதில் அளிக்கவில்லை

இரண்டாவது விசாரணை நாளன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நீள மேசையின் ஒரு முனையில் விசாரணை அதிகாரி அம்மா. அவருக்கு இடப்புறம், பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்யும் பெண். வலப்புறம் குளிர்பதனக் கிடங்கின் மேலாளர். அவரை ஒட்டி ஷிப்டு சூப்பர்வைசர், அதாவது என் தங்கையின் கணவர். அவர்களுக்கு எதிர்வரிசையில் கம்பளியும் அவன் மனைவியும். மேசையின் மறுமுனையில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான்.

கம்பளி என்பது கிடங்கில் வைத்த பெயர். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் பெட்டி அடுக்குகிறவன், வெளியே வெயிலில் நின்றாலும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டான். கல்யாண போட்டோவிலும் தொப்பியோடுதான் இருக்கிறான் என்று கேலி செய்வார்கள். அன்று தொப்பி போட்டிருக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தான். வலது கையில் மூன்று விரல்களும் இடது கையில் இரண்டும் போய்விட்டிருந்தன.

நடந்தது இதுதான். மூன்றாம் அறைக்குள் அவன் தனியாகப் போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் தாழ் வேலை செய்யவில்லை. கையுறையோடு அதைத் திருகப் பிடி கிடைக்காமல், கழற்றிவிட்டு வெறுங்கையால் திருகியிருக்கிறான். மணிக்கொரு முறை வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. நான் போய்க் கதவைத் திறந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

நிர்வாகம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. இரண்டு பேர் சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும் என்ற விதியை மீறி அவன் தனியாகப் போனான். தாழ் பழுது என்று ஒருபோதும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டும் நிரூபணமானால் தவறு முழுவதும் அவனுடையது. வேலை போகும், கைக்கு இன்னும் நடக்கவேண்டிய வைத்தியமும் நிறுவனத்தின் பொறுப்பில்லை என்றாகிவிடும்.

முதல் விசாரணையில் என்னால் பேச முடியவில்லை. எழுந்து நின்றேன், காகிதம் கையில் இருந்தது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் ஆயிற்று. மூச்சு மேல்பாதியிலேயே நின்றது. விரல்கள் மரத்துப்போயின. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். வெளியே ஓடிப்போய்க் கழிவறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இது புதிதில்லை. ஐந்தாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க நிறுத்திய நாளிலிருந்து நாலு பேர் முன்னால் நின்றால் இதே கதைதான். விசாரணையை ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஹிப்னாஸிஸ் செய்யும் ஓர் அம்மா இருக்கிறார் என்று என் மனைவிதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். "ஹிப்னாஸிஸ்னா கோழி மாதிரி கூவ வைப்பேன்னு நினைக்காதீங்க," என்றார் அந்த அம்மா முதல் நாளே. "எதுக்கெல்லாம் பயம்னு ஒரு பட்டியல் எழுதிட்டு வாங்க."

எண் போட்டு இருபத்திரண்டு எழுதிக்கொண்டு போனேன். படித்துச் சிரித்தார்.

"பதினேழாவது என்ன, தண்ணி டம்ளர்?"

"கை நடுங்கினா டம்ளர் மேசையில தட்டும். எல்லாரும் பார்ப்பாங்க."

"சரி, அதையும் சேர்த்துக்கலாம். உங்களை யாராவது கேள்வி கேட்பாங்களா?"

"மாட்டாங்க. கடிதத்துலயே போட்டிருக்கு." எடுத்துக் காட்டினேன். சாட்சி, சம்பவ நாளன்று கண்டவற்றை எழுதி வந்து வாசித்தால் போதுமானது என்று இருந்தது. எழுத்தில் இருப்பதை நான் சந்தேகிப்பதில்லை. கேள்வி என்ற பகுதியை அவர் தன் குறிப்பிலிருந்து அடித்துவிட்டார்.

நாலு முறை போனேன். சாய்வு நாற்காலி, மூடிய கண், பத்துப் படி இறங்குவதாக நினைக்க வேண்டும். பத்தாம் படியில் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை அழுத்த வேண்டும். "அந்த அறையில யார் பேசினாலும், பக்கத்து வீட்டு ரேடியோ பாடுற மாதிரி. காதுல விழும். ஆனா அது உங்களுக்காகப் பாடலை," என்பார் மெல்லிய குரலில். வீட்டிலும் காலை மாலை பழகச் சொன்னார். ஒரு வேளைகூட நான் தவறவிடவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு விரலை அழுத்தினால் போதும், உள்ளே எல்லாம் ஒரே மட்டமாகிவிடும்.

அன்று விரலை அழுத்திக்கொண்டு எழுந்தேன். இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். தேதி, நேரம், அறை எண், கதவைத் திறந்தபோது அவன் உட்கார்ந்திருந்த இடம். குரல் நடுங்கவில்லை. தண்ணீர் குடித்தேன், டம்ளர் தட்டவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது, அதுவும் வேறு யாரோ வாசிப்பதுபோல்.

"நல்லா தெளிவா சொன்னீங்க. உட்காருங்க," என்றார் அதிகாரி.

கம்பளியின் மனைவி கையைத் தூக்கினாள். "அம்மா, நான் அவரை ஒண்ணு கேட்கலாமா?"

மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி அவரைப் பார்க்காமலே, "ஒண்ணே ஒண்ணு," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தாழ் சிக்குதுன்னு இவரு சூப்பர்வைசர்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்காரு. அப்ப நீங்க பக்கத்துல நின்னீங்கன்னு சொல்றாரு. நின்னீங்களா?"

எல்லாச் சொல்லும் என் காதில் விழுந்தது. நின்றேன் என்பதும் எனக்குத் தெரியும். கட்டைவிரல் ஆள்காட்டி விரல் மேலேயே இருந்தது. என் தங்கையின் கணவர் பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது.

"சொல்லுங்க," என்றார் அதிகாரி. இன்னொரு முறையும் சொன்னார்.

தட்டச்சு நின்றுபோயிருந்தது. "என்ன போடட்டும்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சாட்சி பதில் அளிக்கவில்லைன்னு போடு."

"விடு," என்றான் கம்பளி தன் மனைவியிடம். "அவரு சுபாவம் அப்படி. பாவம், இவ்வளவு பேசினதே பெருசு."

வெள்ளிக்கிழமை மாலைக்குள் யாரும் எதையும் எழுத்தில் தரலாம், அதற்குப் பிறகு தீர்ப்பு எழுதிவிடுவேன் என்று அதிகாரி சொல்லிவிட்டு எழுந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. நடையில் என் தங்கையின் கணவர் என் தோளில் கை வைத்தார். "பிரமாதம் மச்சான். உங்க தங்கச்சிகிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவா." அவர் கை வெகுநேரம் தோளில் இருந்தது. கனமாகவும் இல்லை, இலேசாகவும் இல்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"பயம் வரலை."

"அப்பாடா. அப்புறம்?"

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மடித்துக்கொண்டே கேட்டாள். போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினோம்.

"ஏங்க, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அங்க உட்காராம இருந்திருந்தா பதில் சொல்லியிருப்பீங்களா?"

"தெரியலை."

"தெரியலையா, சொல்ல இஷ்டமில்லையா?"

"தெரியலை," என்றேன் மறுபடியும். அவள் போர்வையை வாங்கி மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து கண்ணாடிக் கடை மாடிக்குப் போனேன். நீங்கள் என் மனதில் போட்ட ரேடியோதான் என் வாயைக் கட்டியதா என்று கேட்டேன்.

"கேள்வி வந்தா என்ன செய்யணும்னு நான் சொல்லித் தரலை. அது என் தப்புதான், கடிதத்துல என்ன இருந்தாலும் சேர்த்திருக்கணும். ஆனா ஹிப்னாஸிஸ் யார் வாயையும் பூட்டாது. நேத்து அந்தக் கட்டடம் தீப்பிடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"எழுந்து ஓடியிருப்பேன்."

"கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணும்னு தோணியிருந்தா, சொல்லியும் இருப்பீங்க."

"அப்ப எனக்குத் தோணலையா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ள இருந்தது நீங்க."

அந்த ரேடியோவை எடுத்துவிடச் சொன்னேன். கண்ணை மூட வைத்து, படியேற்றி, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணினார். கண்ணைத் திறந்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அது சூடா குளிர்ச்சியா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இடப்பக்கம் இரண்டு விரல் ஓரம் விட்டு, தேதியும் விசாரணை எண்ணும் போட்டேன். இரண்டாவது பத்தியில் இருந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? பசங்க மாமா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

"இன்னைக்கு ஒரு கடிதம் அனுப்புறேன். விசாரணை அதிகாரிக்கு. மாப்பிள்ளையைப் பத்தி."

"என்னன்னு?"

"கம்பளி ரெண்டு தடவை தாழைப் பத்தி அவர்கிட்ட சொன்னான். நான் பக்கத்துல நின்னேன். அதைத்தான்."

அவள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதை மூடினாள்.

"சரி, சொல்லித்தான் ஆகணும்னா வாயால சொல்லிட்டுப் போங்களேன். எழுத்துல ஏன் போடுறீங்க? வாயால சொன்னா அவரு இல்லைன்னு சொல்லிக்கலாம்ல?"

"அதுக்குத்தான் எழுதுறேன்."

"அவரு வேலை போயிடும், அண்ணா."

"போகலாம்."

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள். உடனே போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே பிடித்திருந்தேன். பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

ஐந்து பத்திகள். ஒன்று: கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில், ஆம், நின்றேன். இரண்டு: கம்பளி தாழைப் பற்றிச் சொன்ன இரண்டு நாட்கள், நின்ற இடம், சூப்பர்வைசர் 'ஆள் வரச் சொல்றேன்' என்று சொன்னது, ஆள் வராதது. மூன்று: இதை நான் பதிவேட்டில் குறிக்கவில்லை, அதில் வெப்பநிலைக்கு மட்டுமே கட்டம் உண்டு, ஓரத்தில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நான்கு: சூப்பர்வைசர் என் தங்கையின் கணவர் என்பதை இரண்டு விசாரணையிலும் நான் தெரிவிக்கவில்லை. ஐந்து: செவ்வாய்க்கிழமை நான் பதில் அளிக்காததற்குக் காரணம் பயம் அல்ல.

பிறகு எது காரணம் என்று ஒரு வரி எழுதினேன். சரியாக இல்லை என்று அடித்தேன். இன்னொன்று எழுதி, அதையும் அடித்தேன். அடித்தல் திருத்தலோடு அனுப்பக் கூடாது என்பதால் முழுவதையும் வேறு தாளில் படி எடுத்தேன். ஐந்தாம் பத்தி அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றது. கையெழுத்திட்டேன். மனைவி வந்து நின்றபடியே படித்தாள். பசைப் புட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு என்றேன். நாளைக் காலைக்குள் சேருமா என்று கேட்டேன். உள்ளூர்தானே, சேரும் என்றார் கவுண்டர்காரர். உறையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"கதவு எண் ஒண்ணா, ஏழா?"

"ஏழு."

"தெளிவா போடுங்க சார்."

வாங்கி, ஏழின் மேல் இன்னொரு முறை எழுதினேன். அவர் முத்திரையை இரண்டு தடவை குத்தி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே உறையைச் சாக்குக்குள் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.