கம்பைலர் தூக்கிய வரி

பத்து நாளாகப் புருல்சாவுக்கு அதே வேலைதான். நாரின் மலையூர்களில் வீடுகளுக்கு வெந்நீர் தள்ளும் பம்புகளை, பிஷ்கெக்கில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி செய்த கட்டுப்பாட்டுப் பெட்டிகள்தான் ஓட்டின. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும் பம்ப் திடீரென்று நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஓடும். ஆனால் அதற்குள் குழாய் உறைந்துபோகும். ஏன் நிற்கிறது என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள்.

"புது கம்பைலரைக் கொண்டுவந்தது எர்மெக்தானே? அவனே அனுபவிக்கட்டும்" என்றார் முதலாளி ஷைர்பெக். பக்கத்து மேசையில் எர்மெக் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

எரியும் கண்களோடு புருல்சா, கம்பெனியின் நிரலைக் கம்பைலர் மொழிபெயர்த்துத் தந்த இயந்திரக் கட்டளைகளை வரிவரியாகப் படித்தாள். அவர்கள் எழுதியிருந்த ஒரு சோதனை அங்கே இல்லவே இல்லை. ஓடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எண் ஒருநாள் எல்லை மீறிக் கழித்தல் எண்ணாகக் கவிழ்ந்துவிடும்; பம்பும் நின்றுவிடும். அதைத் தடுக்க, கூட்டியபின் எண் குறைந்துவிட்டதா என்று பார்க்கும் வரி அது. ஆனால் அப்படி மீறவே மீறாது என்று எடுத்துக்கொள்ள C நிரல் மொழியின் விதி கம்பைலருக்கு இடம் கொடுக்கிறது. மீறாதென்றால் சோதனை எதற்கு? புதிய கம்பைலர் தூக்கிவிட்டது. பழையது சும்மா விட்டுவைத்திருந்தது.

எழுதியது யாரென்று பதிவில் தேடினாள். பதினோரு வருடத்துக்கு முன்பு, அவளேதான்.

எழுந்து ஷைர்பெக்கின் மேசைக்குப் போனாள். அங்கே முதலாளியும் 'பைகே'தான், அண்ணன்.

"ஷைர்பெக் பைகே, எர்மெக்கை விடுங்க. தப்பு என்னோடது."

"கம்பைலர்தானே தூக்குச்சு?"

"விதிப்படி தூக்குச்சு. விதியைப் பாக்காம எழுதுனது நான்."

"பழைய கம்பைலரையே போட்டுத் தொலையேன்!"

"அது என்னைக்கு மாறுதோ, அன்னைக்கு வேற ஒருத்தி இதே மாதிரி உக்காந்து தேடணுமா?"

எர்மெக் தலையைச் சொறிந்துகொண்டே அவளை அக்கா முறையில் கூப்பிட்டான். "எஜே, அந்த வரியை நானும் நூறு தடவை பாத்தேன். சரியாத்தான் தெரிஞ்சுது."

"எழுதறப்ப எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."

கூட்டுவதற்கு முன்பே எல்லைக்குள் இடமிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி மாற்றினாள். ஐந்து நிமிட வேலை. ஆனால் முப்பத்தெட்டுப் பெட்டிகளிலும் நேரில் போய்த்தான் புதிய நிரலை ஏற்ற வேண்டும். இருவரும் கிளம்பினார்கள்.

முதல் ஊரில் கொதிகலன்காரர் சீறினார்: "எப்ப நிக்குமோன்னு பத்து ராத்திரியா கண்ணு மூடல. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவள் பெட்டியைத் திறந்தாள். ஏற்றி முடித்து, ஓடிய நேரத்தின் எண்ணை எல்லைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தாள். எல்லை வந்தது; எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. பம்ப் நிற்கவில்லை.

"இனிமே தூங்குங்க, பைகே."

அவர் பெஞ்சில் சாய்ந்தவர்தான், அடுத்த நிமிடமே குறட்டை. அந்தக் கணகணப்பில் புருல்சாவுக்கும் அங்கேயே படுத்துவிடலாம் போலிருந்தது. எர்மெக் வாசலில் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான். இன்னும் முப்பத்தேழு.