ஆள் வைத்து நடந்த நடை

நீரிழிவு வந்தது பொன்னம்மைக்கு. நடக்கச் சொன்னவர் டாக்டர். நடந்தவளோ முத்தாரம்மாள். இப்படியும் ஒரு வைத்தியம் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்த கோலப்ப பிள்ளையின் வீட்டில் அது நடந்தது.

பொன்னம்மை அவருடைய மனைவி. பூதப்பாண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த காலத்தில் கிணற்றில் நீர் இறைத்தாள், நெல் குத்தினாள், மாவாட்டினாள், ஸ்ரீவராகம் குளத்தில் துணி துவைத்து ஈரச் சுமையோடு வீடு திரும்பினாள். அந்த நாளில் அவளுக்குத் தலைவலி வந்ததாகக்கூட யாருக்கும் ஞாபகமில்லை. பிறகு வியாபாரம் செழித்தது. நெல் மில்லுக்குப் போயிற்று. வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வந்தது, சமையலுக்கு ஆள் வந்தது, கோயிலுக்குப் போக வில்வண்டி வந்தது. "கோலப்பன் பெண்டாட்டி வேலை செய்யுதான்னு இனி ஒருத்தன் சொல்லப்பிடாது" என்று பிள்ளை உத்தரவு போட்டார். கையோடு ஒரு பிரம்பு நாற்காலியும் வாங்கிப் போட்டார்.

அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு உடம்பு பெருத்தது. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. உள்ளங்கால் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தன.

கரமனையில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் சத்தியதாஸ், கண்ணாடிக் குழாயில் ஒரு நீல மருந்தை ஊற்றி, அவளுடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி நின்றது.

"அம்மா, நீலமாவே நின்னா சர்க்கரை இல்ல. பச்சைன்னா கொஞ்சம். இது செங்கல். ஊசி மருந்து உண்டு, வேணும்னா போடலாம். அதுக்கு முந்தி ரெண்டு காரியம். சோறும் இனிப்பும் குறையணும். காலம்பறயும் சாயங்காலமும் வேர்க்க வேர்க்க நடக்கணும். வெறுங்காலோட வேண்டாம், செருப்பு போட்டுக்கிடணும். வேலை செய்யுற சதைதான் சர்க்கரையை எடுத்து எரிக்கும். சும்ம இருந்தா அது ரத்தத்துல கெடக்கும். வயசாயாச்சே, இனி எதுக்கு நடக்கணும்னு நினைக்காண்டாம். இந்த வயசுலதான் அது வேணும். மனசிலாச்சா?"

"மனசிலாச்சு. எங்க அக்காளுக்கும் இதே தீனம்தான். காலுல புண்ணு வந்து ஆறவே இல்ல. முட்டுக்குக் கீழ அறுத்தாவ. பொறவு அவ ரொம்ப நாள் இருக்கல்ல."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நடந்தா காலைக் காப்பாத்திக்கிடலாம்."

பொன்னம்மைக்கு இதைவிட விளக்கமாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த காலின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணியை அவள் கண்ணால் பார்த்தவள். அன்றைக்கே நடக்கத் தயாராக இருந்தாள். ஆனால் வண்டி புறப்பட்டதும் பிள்ளை ஆரம்பித்துவிட்டார்.

"செருப்பும் போட்டுக்கிட்டு, ஒரு சோலியும் இல்லாம, நீ ரோட்டுல அங்கயும் இங்கயும் நடக்கதா? கோலப்பன் பெண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு சாலையே சிரிக்கும். தீனம்னு தெரிஞ்சா அதைவிடக் கேவலம்."

"அப்பம் அம்மன் கோயிலைச் சுத்தி நடக்கேன். பிரதட்சிணம்னு நினைச்சுட்டுப் போறாவ."

சொன்னதுதான் வினையாயிற்று. பிரதட்சிணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. அவர்கள் குடும்பத்தில் நேர்ச்சைக்கு, அதாவது சாமிக்கு நேர்ந்த கடனுக்கு, ஆள் வைக்கும் வழக்கம் உண்டு. ஒருத்தர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி இன்னொருத்தர் கோயிலைச் சுற்றலாம். பலன் பெயருக்கு உரியவருக்குப் போய்ச் சேரும். அவருடைய தாயாரின் நேர்ச்சைகள் எல்லாம் அப்படித்தான் நிறைவேறின. பிறகு நடைக்கு மட்டும் என்ன தடை? நடக்க வேண்டும் என்றுதானே டாக்டர் சொன்னார்!

மறுநாளே முத்தாரம்மாளைப் பிடித்துவிட்டார். அவள் அம்மன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள், விதவை. காலையில் உட்கார்ந்தால் நடை சாத்தும்வரை எழுந்திருக்க மாட்டாள். அவளும் பருத்த உடம்புக்காரிதான். தினமும் படி அரிசி என்றதும் ஒப்புக்கொண்டாள். காலையிலும் மாலையிலும் பொன்னம்மையின் பெயரைச் சொல்லி, வேர்க்க விறுவிறுக்கக் கோயிலைச் சுற்றத் தொடங்கினாள்.

பொன்னம்மைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என் தீனத்துக்கு அவ எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டாள். "சும்ம கெட. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பதில் வந்தது. கொல்லைப்புறத்தில் கிணற்றைச் சுற்றியாவது நடக்கலாம் என்று பார்த்தாள். மருமகள் பதறிப்போய் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நல்ல பெண்தான். மாமனார் உத்தரவு அப்படி. மாமியாரை உட்கார வைத்தால்தான் மரியாதை என்று அவளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மரியாதை செய்தே ஒரு மனுஷியைக் கொல்லலாம் என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

நாள்கள் போயின. முத்தாரம்மாள் குங்குமப் பிரசாதத்தோடு வீட்டுக்கு வருவாள். முதலில் படி ஏறவே மூச்சு வாங்கியவள், போகப் போகக் காற்றாக ஏறினாள். ஒரு நாள் சாயங்காலம் பொன்னம்மையின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எக்கா, எல்லாம் உங்க புண்ணியம். எனக்கும் காலு எரிச்சல் உண்டு. குடம் குடமாத் தண்ணி குடிப்பேன். ஆருட்டயும் சொல்லல்ல. இப்பம் தாகம் இல்ல, எரிச்சலும் பாதியாச்சு."

பொன்னம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குப் பொறாமையும் வந்தது, கோபமும் வந்தது. அந்தக் கோபத்துக்கு முத்தாரம்மாள் ஆள் இல்லை என்பதும் தெரிந்தது. "நாளைக்கு டாக்டர்ட்ட போறோம். நீயும் வா" என்றாள்.

டிஸ்பென்சரி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளை முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தார். பொன்னம்மையின் குழாய் மறுபடியும் செங்கலாகத்தான் நின்றது.

"அம்மா, நீங்க நடக்கல்லியா?" என்றார் டாக்டர்.

"ஒரு நாள் தவறாம நடந்தாச்சு" என்று பிள்ளை முந்திக்கொண்டு, ஆள் வைத்த கதையைப் பெருமையாகச் சொன்னார்.

"பிள்ளைவாள், உங்க சோத்தை வண்டிக்காரன் தின்னா உங்க பசி தீருமா?" என்று கேட்டார் டாக்டர்.

"சோறு வேற, நேர்ச்சை வேற."

"இவளுக்கும் பாருங்க" என்று பொன்னம்மை முத்தாரம்மாளை முன்னால் தள்ளினாள். டாக்டர் பார்த்தார். நீல மருந்து கொதித்து, லேசான பச்சையோடு நின்றுவிட்டது.

பிள்ளை துள்ளி எழுந்தார். "பாத்தியளா! என் அரிசி, என் நேர்ச்சை, பலனை இவ கொண்டு போயிட்டா! பேரை மாத்திச் சொல்லியிருக்கா, கள்ளி!"

"அம்மன் சத்தியமா அக்கா பேரைத்தான் சொன்னேன்!" முத்தாரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. "எடுத்ததை எப்படித் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லுங்க முதலாளி, குடுத்திருதேன்."

அந்த வார்த்தையைத்தான் பொன்னம்மையால் பொறுக்க முடியவில்லை. நடந்து நடந்து உடம்பு தேறிய ஒருத்தி, தேறியதற்காகக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறாள்! ஒரு அடி எடுத்து வைக்காத மனுஷர் அவளைக் கள்ளி என்கிறார்! இத்தனை காலம் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் அவளுக்கு மேலே வந்தது.

"அழாதட்டி. நீ ஒண்ணும் எடுக்கல்ல. அம்மன் நடந்தவளுக்குக் குடுத்தா. அதுதான் நியாயம்" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எனக்காவ நடக்க ஆள் வச்சிய. சரி. நாளைக்கு என் காலை அறுக்கணும்னு சொன்னா, அதுக்கும் ஆள் வைப்பியளா? மேசை மேல போய் ஆரு படுக்கது? சொல்லுங்க!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியைப் பிள்ளை இவள் வாயிலிருந்து கேட்டதில்லை.

பொன்னம்மை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலுக்கு வந்தாள். டாக்டர் செருப்புப் போடச் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே கிடந்தவை புருஷனுடைய செருப்புகள்தான். அவற்றில் காலை நுழைத்தாள். கொஞ்சம் பெரிதாக இருந்தன. முத்தாரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் திரும்பிப் பாராமல், கரமனையிலிருந்து மேற்கே நடக்கத் தொடங்கினாள்.

வெறுங்காலோடு வெளியே வந்த பிள்ளைக்கு வண்டியில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் பின்னால் வண்டி மெதுவாக வந்தது. "ஏறு. ஏறிக்கிடு. ஆளுக பாக்காவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியபடியே வந்தார். பொன்னம்மைக்குக் கால் எரிந்தது, மூச்சு வாங்கியது, வேர்வை முதுகில் வழிந்தது. அவள் நிற்கவில்லை.

கிள்ளிப்பாலம் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்குள் வந்தபோது கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். பலசரக்குக் கடைக் கோமதிநாயகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மைனி நடந்து போறாவ? அதுவும் செருப்போட?"

"ஒண்ணுமில்ல, ஒரு நேர்ச்சை" என்றார் பிள்ளை, வண்டிக்குள்ளிருந்து.

பொன்னம்மை நின்றாள். கூடிவிட்ட கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தாள். எல்லாக் கடைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"நேர்ச்சையும் இல்ல, கீர்ச்சையும் இல்ல. எனக்கு நீரிழிவு. உக்கார வச்சு உக்கார வச்சு வந்தது. நடந்தாத்தான் காலு மிஞ்சும். வழி விடுங்க."