கிராணி வீட்டு ஸ்டேஷன் விளக்குகள்

வெள்ளைக்காரத் துரை எழுபத்தொன்பதில் ஊர் திரும்பும்போது தன் பொம்மை ரயிலை எஸ்டேட் ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி தங்கராஜுவிடம் விட்டுப் போனார். அன்றிலிருந்து கிராணிக்குத் தானும் பாதித் துரை என்று நினைப்பு. ஒரு நாள் தேயிலை ஃபேக்டரி வயர்மேன் இருளப்பனை வீட்டுக்கு வரச் சொன்னார்.

"புதுத் துரை ஞாயித்துக்கிழம டீக்கு வராருலா. அதுக்குள்ள எல்லா வீட்லயும் லைட் எரியணும்."

மேசைமேல் தண்டவாளம், அதைச் சுற்றி ஸ்டேஷன், சர்ச், உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக் வீடுகள். கிராணி ஏற்கெனவே ஒன்றில் பல்பு மாட்டிப் பார்த்திருந்தார். வெளிச்சம் ஜன்னலில் மட்டும் தெரியாமல் சுவர் வழியாகவே கசிந்து, வீடு காகிதக் கூண்டு மாதிரி மினுங்கியது. உள்சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கத் தெரியாத இந்த ஆள்தான் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் நம்மை முட்டாள் என்கிறார் என்று இருளப்பன் நினைத்துக்கொண்டான்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்தான். உள்ளே கறுப்பு அடித்தான். அரிசி மணி அளவிலான பல்புகளை மாட்டி, முடி போன்ற கம்பிகளை மேசைக்கு அடியில் இழுத்து இரண்டு டார்ச் பேட்டரியில் சேர்த்தான். வேலை அழகாக வந்தது. இந்த மனுஷனுக்காக அழகாக வந்துவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிறு மதியம் மூடுபனி. புதுத் துரை வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போ டவுன் தமிழர். இருளப்பன் அடுப்படியில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அங்கிருந்தே கிராணி அளப்பது கேட்டது.

"எல்லாம் நானே கைப்பட வயர் பண்ணது சார். வேற யாரையும் தொட விடல."

சொல்லி முடிக்கவில்லை, எல்லா விளக்கும் அணைந்தன.

"இருளப்பா! வந்து பாரு!"

இருளப்பன் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பேட்டரியில் ஒரு கம்பி கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஐயா வயர் பண்ணதுல நான் எப்பிடிங்க கைய வைக்கிறது? எனக்கு என்ன தெரியும்?"

துரை கிராணியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கிராணி கழுத்தில் டை தொங்க மேசைக்கு அடியில் தவழ்ந்தார். கழன்ற கம்பியோடு மற்றதையும் பிடுங்கி, பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்ட் உள்ள, ரயிலை ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மரில் சொருகினார். ஸ்டேஷன், சர்ச், வீடுகள் எல்லாம் ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிட, பல்புகள் கருகின.

"நல்ல வேல," என்றார் துரை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் இருளப்பனுக்குக் கால்வாய் வெட்டும் வேலை விழுந்தது. ஒரு வாரம் சேற்றில் நின்றான். எட்டாம் நாள் ஃபேக்டரி மோட்டார் நின்றதும், கிராணியே மேட்டிலிருந்து இறங்கி வந்து கூப்பிட்டார்.

"மோட்டார பாக்குறேன்," என்றான் இருளப்பன், காலைக்கூடக் கழுவாமல். "பொம்ம வீட்டுக்கு மட்டும் என்னைய கூப்பிடாதீங்க."