டில்லிபாபுவுக்கு வந்த மொய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. வங்கி அச்சடித்துக் கொடுத்தது. எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் டில்லிபாபுவின் சொந்தக் கணக்குக்கு முப்பத்தேழு பேர் போனில் பணம் அனுப்பியிருந்தார்கள். எதற்கு அனுப்புகிறோம் என்று எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்புவதில்லை. ஆனால் இவர்கள் ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள். லைனில் நிரப்பும் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சூப்பர்வைசர் கத்துவார். ஆகவே பொறுப்பாக நிரப்பினார்கள்: "காண்ட்ராக்ட் நீட்டிக்க லஞ்சம், முதல் தவணை."

2

வானம் இருண்டிருந்த ஒரு மாலையில், மக்கள் தொண்டர் டில்லிபாபு

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

பேராசை என்பது மனிதனை

(இதுவும் வேண்டாம். தவணைக்கு ஆளுக்கு இருபதாயிரம்தான் கேட்டார்.)

3

நிருபர்களிடம் டில்லிபாபு, "அதெல்லாம் எம்பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு வந்த மொய்யிப்பா" என்றார். அவருக்கு இரண்டும் பையன்கள்.* அன்றே கட்சி அவரை நீக்கியது. வாங்கியதற்கா, எழுத்தில் வாங்கியதற்கா என்று அறிக்கையில் இல்லை.

(* இதை நானாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.)

4

பட்டியலில் பதினோராவது பெயர் பெனிட்டா. என் அக்கா. பணம் எதற்கு என்று அவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே "லஞ்சம்" என்றால் கொடுத்தவளும் குற்றவாளி; வேலை போகும். "மொய்" என்றால் வேலை இருக்கும். டில்லிபாபுவும் திரும்பி வருவார், இரண்டாம் தவணை கேட்க. (பத்தாவதில் படிப்பை நிறுத்திய எனக்குச் சட்டம் இவ்வளவுதான் புரிந்தது.)

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒளித்துவைத்த நோட்டை அக்கா எடுத்துவிட்டாள்.

"இன்னாடி இது, மூணுலயும் எனக்கு வேலை பூடுது?"

"கதைக்கு அதான்க்கா நல்லா கீது."

"வூட்டு வாடகைய உன் கதையா குடுக்கும்?"

"அப்ப மொய்யின்னு சொல்லிடுவியா?"

"இல்லாத பொண்ணு மஞ்சத்தண்ணிக்கு இருபதாயிரம் வெச்சேன்னா, சோறாவது போட்டானான்னு கேப்பாங்களேடி!" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அந்தாளு மூஞ்சிய மறுபடியும் பாக்கணும் வேற."

5

விசாரணை நாளை காலை பத்து மணிக்கு. அக்கா சுடிதாரை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதே சுடிதார்தான்.

நான் எதை எழுதினாலும் அது அவள் சொன்னதாகிவிடும். எனவே எழுதப்போவதில்லை. முடிவு இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவள் வேலையைப் பறிப்பதாக இருந்தால், எங்கள் வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பறியுங்கள்.