வலது கை, இடது காது

நான் வக்கீல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் மேல் பாயக் கூடாது. வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் பத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போனதும், தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்துவிட்டேன். கேமரா நோட்டீஸ், போலீஸ் செலான், லைசென்ஸ் தகராறு எதுவானாலும் இந்தப் பக்கத்து டிரைவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். போர்டில் 'செண்பகவல்லி, மனு எழுதித் தரப்படும்' என்று இருக்கும். மனுவோடு வசவும் கிடைக்கும் என்று எழுத அதில் இடம் போதவில்லை.

வருகிறவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். போனில் மெசேஜ் வந்ததும் பதறிப்போய்ப் பணம் கட்டாதே. கட்டினால் குற்றம் செய்தேன் என்று நீயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். முதலில் போட்டோவைக் கேட்டு வாங்கு. பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி அதை உச்சியிலிருந்து பாதம் வரை பார். நம்பர் உன் நம்பர்தானா, நேரம் என்ன, அவர்கள் சொல்கிற குற்றம் படத்தில் தெரிகிறதா. பிறகு கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடு. இவ்வளவும் சொன்னால் பாதிப் பேர் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போய், மறுநாள் வந்து, "அக்கா, பணம் கட்டியாச்சு. இனி என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். அப்போது எனக்கு வருமே ஒரு கோபம், பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

செல்வின் கட்டாமல் வந்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று. முப்பத்திரண்டு வயசு இருக்கும். பாறசாலைப் பக்கத்துக்காரன், கல்யாணமான பிறகு மணக்காட்டில் மாமனார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுவது வேலை. வண்டி ஓட்டும்போது போனில் பேசினான் என்று, புதிதாக வைத்த கேமரா நோட்டீஸ் அனுப்பியிருந்தது.

"வேன் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்க மாமாவுக்குள்ளதாக்கும் அக்கா. சத்தியதாஸ். சர்ச்சு கமிட்டி செக்ரட்டரி."

நோட்டீஸ் வண்டிச் சொந்தக்காரருக்குத்தானே போகும். மாமனார் போனுக்குப் போயிருக்கிறது. அவர் இரைந்து பேசுகிற ஆள் இல்லையாம். "பிள்ளையள வச்சுட்டுப் போன் பேசுனது உள்ளதுன்னா, சாவிய மேசையில வச்சிட்டுப் போ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது போதாதென்று, இந்தக் குற்றத்துக்கு லைசென்ஸையே மூன்று மாசம் முடக்கி வைக்கலாம். மூன்று மாசம் எந்தப் பள்ளிக்கூடம் டிரைவருக்காகக் காத்திருக்கும்? குற்றம் நிலைத்தால் செல்வினுக்கு வேலை கிடையாது, அவ்வளவுதான்.

"பேசுனியா?"

"சத்தியமா இல்ல அக்கா."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நான் போட்டோவை இறக்கிப் பெரிதாக்கினேன். பழவங்காடி ஜங்ஷன், கணபதி கோயிலுக்கு முன்னால், காலை ஏழு பதினாலு. கண்ணாடிக்குப் பின்னால் செல்வின். இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வலது கை மார்புக்குக் குறுக்கே போய் இடது காதைப் பிடித்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காது மடலில் பதிந்திருந்தன. நான் சங்கரன்கோவில்காரி. இதை எனக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏலே, நீ போன் பேசல. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டிருக்க."

படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். "மெள்ளப் பேசுங்க அக்கா" என்றான்.

பிறகு சொன்னான். முன்பு பொன்முடிக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். மாமனார் வேன் வாங்கிக் கையில் கொடுத்த முதல் நாளே பஞ்சர். இரண்டாம் நாள் பெல்ட் அறுந்தது. மூன்றாம் நாள் பின்னால் வந்த பஸ் கதவை உரசிவிட்டுப் போயிற்று. பழவங்காடி கணபதி முன்னால் போகிற மற்ற வேன்காரர்கள், அங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டினால் இப்படித்தான் ஆகும் என்றிருக்கிறார்கள். நாலாம் நாள் இவன் காதைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே ஒரு குலுங்கு குலுங்கினான். அன்று ஒன்றும் ஆகவில்லை.

"அன்னைக்குத் தொட்டு ரெண்டு வருஷமா ஒரு பஞ்சர் இல்ல அக்கா. இனி எப்பிடி நிறுத்துகது?"

"மூணு தலைமுறையா சர்ச்சுக்குப் போற குடும்பம்லே நீ."

"யேசுகிட்ட பெரிய காரியம் கேப்பேன். வீட்டில சுகக்கேடு, பிள்ளைக்க படிப்பு. பஞ்சருக்கும் சிக்னலுக்கும் அவரக் கஷ்டப்படுத்தப்படாதுல்லியா?"

இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் கேஸ் முடிந்துவிடும் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எழுதவே கூடாதாம். மாமாவுக்குத் தெரிந்தால் போன் பேசியதற்குப் போகிற சாவி பிள்ளையாருக்காகப் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவன் என் கையை விட்டான்.

ஆகவே வேறு மாதிரி எழுதினேன். வலது கையில் போனைப் பிடித்து இடது காதில் வைத்துப் பேசுகிற மனிதர் எவரும் இல்லை, படத்தில் போன் எங்குமே தெரியவில்லை, அன்று என் கட்சிக்காரருக்குக் காதில் கடும் அரிப்பு. காதைப் பிடித்தது உண்மை. அரிப்பு மட்டும் என் கைச்சரக்கு. எழுதி முடித்து நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வண்டிச் சொந்தக்காரரும் வர வேண்டும் என்று எழுதியிருந்ததால் சத்தியதாஸும் வந்தார். நெட்டையான மனுஷர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. "நீங்கதானே மனு எழுதுன அம்மா. நல்லா எழுதியிருக்கு" என்றார். நல்ல மனுஷராக இருக்கிறாரே, இவருக்கா செல்வின் இப்படி நடுங்குகிறான் என்று நினைத்தேன்.

அதிகாரி பெயர் விஜய்குமார். மனுவை வாசித்துவிட்டுத் தன் போனை வலது கையில் எடுத்து இடது காதில் வைத்துப் பார்த்தார். முன்கை மூக்கில் இடித்தது. "சேச்சி பறஞ்ஞது சரியாணு. இங்ஙனெ ஆரும் ஃபோன் பிடிக்கில்ல" என்று மலையாளத்தில் ஒப்புக்கொண்டார். நான் செல்வினைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம்.

அதிகாரி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். இன்னும் அனுப்பாத நோட்டீஸ்கள் மூன்று அதில் இருந்தன. மூன்றிலும் அதே பழவங்காடி, அதே வலது கை, அதே இடது காது. ஏழு பதின்மூன்று, ஏழு பதினைந்து, மறுபடியும் ஏழு பதினாலு. காது அரிப்பு தினமும் ஏழேகாலுக்குப் பழவங்காடியில் வைத்துத்தான் வருமா என்று அவர் சிரிக்காமல் கேட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிள்ளையாரை மறைக்கப் போய்க் குரங்காகிவிட்டேன். ஒழுங்கான காரணம் சொல்லாவிட்டால் நாலும் போன் கணக்கில் போகும், லைசென்ஸைக் கையில் வைத்திருக்க முடியாது என்றார் அதிகாரி. எனக்கு நாக்கு நுனியில் பதில் நிற்கிறது. சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். வாழ்க்கையில் அதுவரை நான் வாயை மூடி இருந்ததே இல்லை. அது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

செல்வின் என்னைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். வலது கையால் இடது காதையும் இடது கையால் வலது காதையும் பிடித்துக்கொண்டு, அதிகாரி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. முட்டி தரையைத் தொடுகிற மாதிரி சுத்தமாகப் போட்டான்.

"இதாக்கும் சார். வேன் ஓட்டும்ப ஒரு கைதான் ஒழியும். அதனால பாதி."

பக்கத்து மேசைக்காரர் வாயில் இருந்த டீயை டம்ளரிலேயே விட்டுவிட்டார். விஜய்குமார் முகத்தைத் துடைப்பது போலக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு போன் இல்லை என்று எழுதி நாலையும் தள்ளிவிட்டார். சத்தியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. போட்டோ ஒன்றைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கையை நீட்டினார். "சாவி."

செல்வின் கொடுத்துவிட்டான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. சத்தியத்துக்கு இனி வேலை இல்லை அல்லவா, சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். ஒருத்தன் எந்தச் சாமியைக் கும்பிட்டால் உங்களுக்கென்ன, சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா, மகள் புருஷன் வயிற்றில் அடிப்பதற்கா கமிட்டியில் இருக்கிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ. நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது, "சொல்லியாச்சா அம்மா?" என்று கேட்டார். போட்டோவை என் கையில் கொடுத்தார்.

"இந்தப் படத்த எத்தன மட்டம் பாத்திய?"

"நூறு தடவை பாத்திருப்பேன்."

"அவனுக்க பொறத்தால நிக்குகது யாரு?"

பார்த்தேன். செல்வின் சீட்டுக்குப் பின்னால், அவன் தோளுக்கு மேலே, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்ன முகம் தெரிந்தது. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அப்பா என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கிறது.

"ஷாலு. எனக்க பேத்தி. நாலு பக்கமும் பஸ்ஸு திரும்புக எடம். பிள்ள நிக்குகா, இவன் ஒத்தக் கையில வண்டி ஓட்டுகான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், போன் இல்லை என்று பார்த்தேன். கேஸை ஜெயிக்க என்ன வேண்டுமோ அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். செல்வின் என் கையிலிருந்து படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "அவ நிக்குகது எனக்குத் தெரியாது மாமா" என்றான்.

"தெரியாதுல்லா. அதத்தான் நானும் சொல்லுகேன்." சத்தியதாஸ் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "யேசுவா பிள்ளையாரான்னு நீ அவங்ககிட்டயே பேசித் தீத்துக்க. எங்கிட்ட கேக்காண்டாம். வேன் ஓடும்ப ரெண்டு கையும் ஸ்டியரிங்கில இருக்கணும்."

அதோடு விட்டிருக்கலாம். இந்த மடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பின்னே பஞ்சர் ஆச்சுன்னா?" என்று கேட்டான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் சத்தியதாஸ் யோசித்தார். என்ன இருந்தாலும் வேன் அவருடையது, டயரும் அவருடையது. "வெளுப்பாங்காலம் எந்திரிச்சு கோயிலுக்கு நடந்து போ. ரெண்டு காதையும் பிடிச்சு ஒழுங்காட்டு போட்டுட்டு வா. வந்து எங்கிட்ட சாவி வாங்கு" என்றார்.

அன்று முதல் அப்படித்தான் நடக்கிறது. செல்வினின் மனைவி ஜெஸ்லின் ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னாள். தினமும் ஆறரை மணிக்கு அவள் அப்பா ஜெபத்தை முடித்துவிட்டு வாசலில் நிற்பாராம். "போனியா? எத்தன போட்ட?" என்று கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் சாவி. போன வாரம் நல்ல மழை. செல்வின் போர்வைக்குள்ளேயே கிடந்துவிட்டு, தலையை மட்டும் குழாயில் நனைத்துக்கொண்டு போய், போனேன் மாமா, மூணு போட்டேன் என்றானாம். சத்தியதாஸ் குனிந்து அவன் செருப்பைப் பார்த்தாராம். செருப்பு காய்ந்து கிடந்தது.

"போயிட்டு வா" என்றாராம் கமிட்டி செக்ரட்டரி. "கள்ளம் சொன்னதுக்கு ரெண்டு கூடுதல் போடு."